விஷன் போர்டு செய்வது எப்படி? கனவோடு அதற்குப் போகும் வழியையும் ஒட்டுங்கள்

ஜனவரி பிறந்ததும், தை பிறந்ததும், தீபாவளிக்கு வீட்டை ஒழித்துத் துடைத்த கையோடும் பலருக்கு விஷன் போர்டு, அதாவது ஆசைகளையும் இலக்குகளையும் படங்களாக ஒட்டி மாட்டும் அட்டை, செய்யும் ஆசை வருகிறது. ஓர் அட்டை, கொஞ்சம் படங்கள், கோந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். செய்வதில் சிரமம் ஒன்றும் இல்லை. மாட்டிய ஒரு மாதத்தில் அது சுவரோடு சுவராகி யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது, அதுதான் சிக்கல். சிங்கப்பூரில் நண்பர்கள் வீடுகளில் நான் பார்த்த போர்டுகள் பலவற்றுக்கும் இதே கதிதான். கடலைப் பார்த்த பங்களா, பனிமலை, வெள்ளைக் கார், மெலிந்த இடுப்பு எல்லாம் இருக்கும். அந்த வீட்டில் இருப்பவரின் திங்கட்கிழமை மட்டும் இருக்காது.

அதனால் இந்த வழிகாட்டி ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காது. போர்டில் போய்ச் சேரும் இடத்தை ஒட்டினால், அதற்குப் போகும் வழியையும் அதைவிடப் பெரிதாக ஒட்ட வேண்டும்.

இது வெறும் என் அபிப்பிராயம் இல்லை. லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. தேர்வுக்கு முந்தைய நாள்களில் ஒரு குழுவினர் நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதை மனத்தில் பார்த்தார்கள். இன்னொரு குழுவினர் தாங்கள் உட்கார்ந்து படிப்பதையே மனத்தில் பார்த்தார்கள். படிப்பதைப் பார்த்தவர்கள்தான் அதிக நேரம் படித்தார்கள், மதிப்பெண்ணும் கூடுதலாக வாங்கினார்கள். கேப்ரியேல் ஊட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளரும் ஹெதர் கேப்பஸும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதே பாதையில் இன்னும் ஒரு படி போகிறது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதாகவே இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்கு உடலின் சுறுசுறுப்பே குறைந்தது. இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தே இதைக் கண்டார்கள். கிடைத்துவிட்டது என்று மனம் நம்பிவிட்டால் எழுந்து ஓடுவதற்குக் காரணம் இல்லாமல் போகிறது.

அதற்காகக் கனவு காணவே கூடாது என்று இல்லை. கனவு திசையைக் காட்டும். அதோடு நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் பேனா, அப்புறம் கத்தரிக்கோல்

படம் தேடுவதில் இறங்கிவிட்டால், கண்ணுக்கு அழகாகக் கிடைப்பதெல்லாம் நம் ஆசை என்று தோன்ற ஆரம்பிக்கும். அதனால் முதல் நாள் படமே வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே இருக்கும் பெஞ்சுக்கோ பக்கத்து நூலகத்துக்கோ போங்கள். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும்.

எழுத வேண்டியது இதுதான்: அடுத்த ஆண்டு இதே மாதம், ஒரு சாதாரண வேலை நாள் காலை முதல் இரவு வரை எப்படி இருந்தால் நன்றாக இருக்கும்? விடுமுறை நாளை எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், காலைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள், எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போது மனத்தில் என்ன ஓடுகிறது, எத்தனை மணிக்கு வேலை முடிகிறது, முழங்கால் எப்படி இருக்கிறது, இரவில் யாரோடு பேசுகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதி முடித்ததும், இன்றைய உங்கள் வாழ்க்கையில் இல்லாத விஷயங்களை மட்டும் வட்டமிடுங்கள். உங்கள் இலக்குகள் அந்த வட்டங்களுக்குள்தான் இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்து, இது யாருடைய ஆசை என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். கேஷ், கார், கிரெடிட் கார்டு, கொண்டோமினியம், கன்ட்ரி கிளப் என்ற ‘ஐந்து சி’ பட்டியலைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அரசு புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீட்டைப் பற்றி ‘பிடிஓ கிடைத்துவிட்டதா, எப்போது சாவி’ என்று திருமண வீட்டில் அத்தை கேட்ட கேள்வி நமக்குத் தெரியாமலேயே நம் இலக்காகிவிடும். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. இது கிடைத்தாலும் யாரிடமும் சொல்ல முடியாது, ஒரு படம்கூட வெளியிட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வேண்டுமா? வேண்டும் என்றால் அது உங்களுடையது.

காரையே எடுத்துக்கொள்வோம். இங்கே கார் வாங்க சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும், அது பத்து ஆண்டுக்குத்தான் செல்லும், அண்மை ஆண்டுகளில் ஏலத்தில் அதன் விலையே ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டிப் போயிருக்கிறது. இவ்வளவு பணம் கொட்டி எதை வாங்கப் பார்க்கிறோம்? அப்பாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குச் சிரமமில்லாமல் அழைத்துப்போக வேண்டும் என்பதற்காக ஒருவர் கார் கேட்கலாம். அவருடைய இலக்கு அப்பாவின் பயணம், கார் அதற்கு ஒரு வழி. போர்டில் அப்பாவின் படம் வந்தால், வேறு வழிகளும் கண்ணுக்குத் தெரியும்.

கடைசியில் மூன்று இலக்குகளை நிறுத்திக்கொள்ளுங்கள், மிஞ்சிப் போனால் நான்கு. உடல், குடும்பம், வேலை, படிப்பு, பணம், வீடு, பக்தி என்று எல்லாப் பிரிவுக்கும் ஒன்று வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தூக்கப் பார்த்தால் எதுவும் நகராது.

ஆசையைக் காட்சியாக மாற்றுங்கள்

முழு வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

என் அண்ணி ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. பட்டயப் படிப்பு முடித்து முழு ஆசிரியையாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதலில் அவர் ஒட்ட எடுத்து வைத்தது பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் போட்ட ஒரு பெண்ணின் படம், இணையத்தில் எடுத்தது. “அண்ணி, இந்தப் படம் கிடைக்க நீங்க எங்கே, எத்தனை மணிக்கு உட்காரணும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒன்பதரைக்கு, சாப்பாட்டு மேசையில். அந்த மேசையில் அப்போது சாம்பார்ப் பாத்திரமும் பிள்ளையின் எழுத்துப் பயிற்சி நோட்டும் இஸ்திரி போட வேண்டிய துணியும் இருந்தன. அன்றிரவே மேசையைத் துடைத்து, மடிக்கணினி, ஒரு குவளைத் தண்ணீர், மேசை விளக்கு மூன்றை மட்டும் வைத்து, விளக்கைப் போட்டுக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார். போர்டின் நடுவில் இருப்பது அந்த மேசைதான். அங்கி போட்ட பெண் மேலே ஓரத்தில் சின்னதாக இருக்கிறார்.

இப்படித்தான் ஒவ்வொரு இலக்குக்கும் செய்ய வேண்டும். போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு படம் போதும். வழிக்கு இரண்டு மூன்று படங்கள் இருக்கட்டும். வழிப்படத்தில் இடம், நேரம், உங்கள் கை செய்யும் வேலை மூன்றும் தெரிய வேண்டும். சர்க்கரை குறைய வேண்டும் என்றால், மெலிந்த ஆளின் படத்தைவிட, நீங்கள் நடக்கப்போகும் பூங்கா இணைப்புப் பாதையும், வாசலில் தயாராக இருக்கும் உங்கள் காலணியும், உணவங்காடியில் “கோப்பி ஓ கோசோங்” சொல்லி வாங்கிய சர்க்கரை இல்லாத கோப்பியும் அதிக வேலை செய்யும். அம்மாவோடு அடிக்கடி பேச வேண்டும் என்றால், எத்தனை மணிக்கு, வீட்டில் எங்கே உட்கார்ந்து அழைக்கப்போகிறீர்களோ அந்த நாற்காலியைப் படம் பிடியுங்கள்.

முடிந்தவரை நீங்களே எடுத்த படங்களாக இருக்கட்டும். இணையத்தில் கிடைக்கும் சமையலறைப் படம் நாலறை வீட்டு அடுப்படிக்குள் நுழையாது. அதைத் தினமும் பார்த்தால் இருக்கும் வீட்டின் மேல் சலிப்புதான் வரும். உங்கள் பேட்டை, உங்கள் புளோக், உங்கள் மேசை என்றால் மனம் உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

தடைக்கும் ஓர் இடம் வையுங்கள்

போர்டில் நல்லது மட்டும்தான் இருக்க வேண்டும், தடையைப் பற்றி நினைத்தாலே அபசகுனம் என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. மேலே சொன்ன ஊட்டிங்கனின் முறையே ஆசையையும் தடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். பீட்டர் கோல்விட்சர் என்ற இன்னொரு உளவியலாளர், இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது கூடுகிறது என்று காட்டினார்.

எனவே ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு சின்னச் சீட்டு எழுதி, அதன் வழிப்படத்தின் கீழே ஒட்டுங்கள். தடை உங்களுக்குள் இருப்பதாக இருக்கட்டும். நேரமில்லை, முதலாளி சரியில்லை என்று எழுதினால் அதைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அண்ணியின் சீட்டில் இருப்பது இது: “பிள்ளையைத் தூங்க வைக்கும்போது நானும் தூங்கிப்போனால், மறுநாள் காலை ஐந்தரைக்கு அரை மணி நேரம் படிப்பேன்.” இந்த ஒரு வரி இருப்பதால், ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று அவர் விட்டுவிடுவதில்லை.

தேதி, தொகை, விதி

படம் ஒட்டுவதற்கு முன் அந்த இலக்கின் நிஜ விவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே பல விஷயங்களுக்கு விதியும் வயதும் உண்டு. வீடு என்றால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்க முதலில் நம் தகுதியைச் சொல்லும் எச்எஃப்இ கடிதம் வேண்டும். எவ்வளவு கடன், எவ்வளவு மானியம் என்று அதிலேயே தெரிந்துவிடும். தனியாக வாங்கும் குடிமக்களுக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் வரும் பிடிஓ வீடுகளில் ஸ்டேண்டர்ட் வகைக்குக் குறைந்தது ஐந்து ஆண்டும், பிளஸ், பிரைம் வகைகளுக்குப் பத்து ஆண்டும் அங்கேயே குடியிருக்க வேண்டும். பத்து ஆண்டு என்பது பிள்ளையின் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளிக் காலம் முழுவதும். எந்தப் பேட்டையின் படத்தை ஒட்டுவது என்பதை இந்த ஒரு எண்ணே மாற்றிவிடலாம்.

படிப்பு என்றால், பயிற்சிக்காக அரசு பணம் போடும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2016இல் தொடக்கத் தொகையாக 500 வெள்ளி வந்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் கூடுதலாக 4,000 வெள்ளி போட்டார்கள். இதைத் தொடாமலேயே வைத்துக்கொண்டு, படிக்கப் பணம் இல்லை என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது. இந்தக் கூடுதல் தொகை எல்லாப் பயிற்சிக்கும் செல்லாது, எதற்குச் செல்லும் என்று பார்த்துவிட்டு அந்தப் பயிற்சியின் பெயரையும் விண்ணப்பம் முடியும் தேதியையும் போர்டில் எழுதுங்கள்.

சாமான்கள்

பெரிய செலவு வேண்டாம். ஏ2 அளவு ஃபோம் போர்டு ஒன்று (42 செ.மீ.க்கு 59.4 செ.மீ.) வீட்டுக்குச் சரியாக இருக்கும். இடம் குறைவு என்றால் ஏ3. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஏறி இறங்கினால் அட்டை, கோந்து, வண்ணக் காகிதம் எல்லாம் கிடைக்கும். தைசோ கடைகளிலும் கிடைக்கும். படங்களைப் புகைப்படக் கடையில் 4ஆர் என்ற வழக்கமான புகைப்பட அளவில் அச்சிட்டால் போதும். பென்கூலன் ஸ்திரீட்டில் உள்ள சன்ஷைன் பிளாசாவில் அச்சுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

நம் ஊர் ஈரப்பதத்தை மனத்தில் வையுங்கள். வெள்ளைக் கோந்தில் தண்ணீர் இருப்பதால் மெல்லிய தாள் சுருங்கி மேடு பள்ளமாகிவிடும். கோந்துக் குச்சியோ இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்போ நல்லது. பின்னால் மாற்றக்கூடிய படங்களுக்கு, எடுத்து மறுபடி ஒட்டக்கூடிய புளூடேக். தமிழ் முரசு நாளிதழின் தலைப்புகளிலிருந்து சொற்களை வெட்டி ஒட்டுவது எனக்குப் பிடித்த வேலை. பெரிய எழுத்தில், அச்சுத் தமிழில், ‘புதிய’, ‘தொடக்கம்’, ‘உறுதி’ போன்ற சொற்கள் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் செய்தித்தாள் வெயில் பட்டால் சீக்கிரமே மஞ்சளாகும், அதனால் வெட்டியதை நகல் எடுத்து ஒட்டுங்கள்.

அடுக்கிப் பாருங்கள், உடனே ஒட்டாதீர்கள்

எல்லாப் படங்களையும் அட்டையின் மேல் சும்மா வைத்து அடுக்குங்கள். இந்த ஆண்டு அதிகக் கவனம் எதற்கோ அதன் வழிப்படம் நடுவில், கண் மட்டத்துக்கு. அதைச் சுற்றி அதன் தடைச் சீட்டும் தேதியும். மற்ற இலக்குகள் இரண்டு பக்கமும். போய்ச் சேரும் இடங்களின் படங்கள் மேல் வரிசையில் சின்னதாக. மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். ஆண்டு நடுவில் புதிதாக ஒன்று வரும், அதற்கு இடம் வேண்டும்.

அடுக்கியதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துவிட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் முதல் பார்வையில் எந்தப் படம் உறுத்துகிறதோ, அதை எடுத்துவிடலாம். உறுத்தும் படம் பெரும்பாலும் அடுத்தவர் ஆசையாக இருக்கும்.

ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு வரி உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள். “புதன் ராத்திரி அம்மாகிட்ட பேசு” என்பது போதும்.

எங்கே மாட்டுவது

1990களின் பிற்பகுதி முதல் கட்டப்பட்ட வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறை இருக்கிறது. அதன் கதவு இரும்பு. காந்தம் ஒட்டும். துளை போட வேண்டாம், சுவரில் வண்ணம் உரியாது, படத்தை நினைத்த நேரத்தில் மாற்றலாம். பல வீடுகளில் அது சமையலறைக்குப் போகும் வழியில் இருப்பதால் ஒரு நாளைக்குப் பல முறை கண்ணில் படும். போர்டுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கதவில் ஒட்டியிருக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் அறிவிப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

வாடகை அறையில் இருப்பவர்கள் ஆணி அடிக்க முடியாது. அவர்களுக்கு அலமாரிக் கதவின் உட்புறம்தான் சரி. சம்பளம், சேமிப்பு, குழந்தைக்காகக் காத்திருப்பது போன்ற விஷயங்கள் இருந்தாலும் இந்த இடம்தான் நல்லது. தீபாவளிக்கு வரும் விருந்தாளிகள் அனைவருக்கும் உங்கள் மசேநிதி (மத்திய சேமநிதி) நிலவரம் தெரிய வேண்டியதில்லை. தங்கும் விடுதியில் இருக்கும் ஒரு புதுக்கோட்டைத் தம்பி தன் லாக்கர் கதவின் உட்புறம் ஏ4 தாள் ஒன்றை ஒட்டியிருக்கிறார். மேலே ஊரில் கட்டும் வீட்டின் வரைபடம். கீழே மேற்பார்வையாளர் பாதுகாப்புப் பயிற்சிப் புத்தகத்தின் அட்டை, அதன் பக்கத்தில் “ஞாயிறு காலை, கேன்டீன் கடைசி மேசை”. காலையில் ஹெல்மெட்டை எடுக்கும்போது பார்க்கிறார். அவருக்கு அது போதும்.

கைப்பேசித் திரையில் வைப்பது இரண்டாம் பட்சம். அடுத்த நிமிடமே ஓர் அறிவிப்பு வந்து அதை மூடிவிடும். வேறு இடமே இல்லை என்றால் வையுங்கள், அதுவும் நடு வழிப்படம் ஒன்றை மட்டும்.

மாட்டிய பிறகு

வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஞாயிறு மாலை பலருக்கு ஒத்துவரும். வழிப்படம் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, அடுத்த ஏழு நாளில் இது எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கைப்பேசி நாட்காட்டியில் போடுங்கள். அந்த வாரம் செய்ததைப் படத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டலாம். வெறுமனே நின்று ரசிப்பதற்காக இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை படங்களை இடம் மாற்றுங்கள். ஒரே இடத்தில் இருப்பதைக் கண் பார்க்காமல் தாண்டிப்போகும். நடந்து முடிந்ததை எடுத்து, பின்னால் தேதி எழுதி, ஓர் உறையில் போட்டு போர்டின் பின்பக்கம் ஒட்டி வையுங்கள். இனி வேண்டாம் என்று தோன்றுவதையும் தயங்காமல் எடுத்துவிடலாம். வேலை மாறலாம், உடம்பு மாறலாம், குழந்தை பிறக்கலாம்.

கணவன் மனைவி சேர்ந்து, பிள்ளைகளோடு

கணவனும் மனைவியும் முதலில் தனித்தனியாக ஒரு பக்கம் எழுதிவிட்டு, பிறகு மாற்றிப் படியுங்கள். ஒன்றாக உட்கார்ந்து ஆரம்பித்தால், வேகமாகப் பேசுகிறவரின் ஆசை இருவருடையதாகிவிடும். இரண்டு பக்கத்திலும் இருக்கும் விஷயம்தான் பொதுப் போர்டுக்குப் போக வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருப்பது அவரவர் அலமாரிக்கு.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போது பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண்ணைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தினமும் பல் துலக்கும்போது அந்த மதிப்பெண்ணைப் பார்த்தால் பயம்தான் வளரும். அவர்களே தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ஆசை, அவர்களே வரைந்த படம், அதற்கு அவர்கள் செய்யப்போகும் ஒரு சின்ன வேலை, இவ்வளவு போதும். நீச்சல் கற்க வேண்டும் என்று பிள்ளை சொன்னால், சனிக்கிழமை காலை நீச்சல் குளத்துக்குப் போகும் பேருந்தின் எண்ணையும் கதவில் மாட்டிய துண்டையும் வரையச் சொல்லுங்கள். அந்தப் பேருந்தில் கூட வரப்போவது யார் என்பதையும் வரையச் சொல்லுங்கள். பிள்ளை உங்களை வரைந்திருந்தால், அந்தச் சனிக்கிழமைகளை உங்கள் நாட்காட்டியிலும் இன்றே குறித்துவிடுங்கள்.